மூன்று பெட்டிகளையும் காலியாகக் கொண்டுபோகாதீர்கள்

கிறிஸ்துமஸ் நாடகத்தின் கடைசிக் காட்சி எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தலையில் அட்டைக் கிரீடம், தோளில் அம்மாவின் பட்டுப்புடவை, கையில் ஜிகினாத் தாள் சுற்றிய பெட்டி என்று மூன்று பையன்கள் வருவார்கள். முழங்கால் போட்டுப் பெட்டியை வைக்கோல் ஓரமாக வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது.

அந்தப் பெட்டிகளுக்குள் பொருளை வைத்துக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்தப் பதிவு. நாடகத்தில் மூன்று ராஜாக்களாக வருகிறவர்கள், பைபிளில் குழந்தை இயேசுவைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள். மத்தேயு 2:11-ல் அவர்கள் செய்கிற காரியங்களின் வரிசையைப் பாருங்கள். வீட்டுக்குள் போகிறார்கள், பிள்ளையைப் பார்க்கிறார்கள், விழுந்து பணிகிறார்கள், அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறக்கிறார்கள். "தங்கள் பொக்கிஷங்களைத் திறந்து" என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அதே இடத்தில் பேழை என்ற சொல் வருகிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்குச் செல்வம், செல்வத்தை வைக்கும் பெட்டி என்று இரண்டு பொருளும் உண்டு. இரண்டு மொழிபெயர்ப்பும் சரிதான். ஆனால் திறக்காத பெட்டிக்கு இந்த வசனத்தில் இடமில்லை.

திறந்தால் என்ன இருக்கிறது? பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். கைக்குழந்தைக்கு இந்த மூன்றாலும் ஒரு பயனும் கிடையாது. துணி, பால், எண்ணெய் எதுவும் இல்லை. அந்தக் குழந்தை யார் என்பதை அறிந்து, அதற்கேற்ப எடுத்துவந்த பொருள்கள் இவை. 180-ஆம் ஆண்டை ஒட்டி லியோன் நகரில் ஆயராக இருந்த இரனேயு இதைச் சுருக்கமாக எழுதிவைத்தார். அரசர் என்பதால் பொன், கடவுள் என்பதால் தூபம், மனிதருக்காக இறந்து அடக்கம் செய்யப்படப்போகிறவர் என்பதால் வெள்ளைப்போளம். கிறிஸ்துமஸ் பரிசுக்கு இதைவிடப் பழைய, இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. வாங்குகிறவர் யார் என்று சொல்வதுதான் இந்தப் பரிசுகளின் வேலை.

பொருளுக்குப் போகுமுன் நாடகம் போடுகிறவர்கள் வழக்கமாகத் தவறவிடும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் வந்தார்கள் என்று மத்தேயு எழுதவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆள் மூன்று ஆனது. சிரியத் திருச்சபை மரபு ஒன்றில் பன்னிரண்டு பேர். அரசர்கள் என்றும் அவர் எழுதவில்லை. சங்கீதம் 72, ஏசாயா 60 ஆகியவற்றில் அரசர்கள் காணிக்கையோடு வருவதாக இருப்பதால் கிரீடம் பின்னாளில் வந்து சேர்ந்தது. ரோமில் பிரிசில்லா நிலவறைக் கல்லறையிலும், இத்தாலியின் ரவென்னா நகரில் 6-ஆம் நூற்றாண்டு ஆலயச் சுவரிலும் இவர்களைப் பார்க்கலாம். ரவென்னாவில் அவர்கள் தலையில் இருப்பது கிரீடமல்ல, பாரசீகக் குல்லாய். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களும் மத்தேயுவில் கிடையாது. இன்னொன்று, அவர்கள் நுழைந்தது வீட்டுக்குள். தீவனத் தொட்டியும் மேய்ப்பர்களும் லூக்கா எழுதியவை. இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளை ஏரோது கொல்லச் சொன்னதிலிருந்து, பிறந்து சில காலம் ஆகியிருந்தது என்று தெரிகிறது.

இதற்கு இன்னொரு துணைச் சான்றும் உண்டு. குழந்தையை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோனபோது யோசேப்பும் மரியாளும் செலுத்தியது புறா. ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்லாதவள் இரண்டு புறா கொண்டுவரலாம் என்பது லேவியராகமம் 12:8. பொன் அதற்குமுன் வந்திருந்தால் ஆட்டுக்குட்டியே வாங்கியிருப்பார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. எகிப்துக்குப் போன செலவுக்கு அந்தப் பொன்தான் உதவியது என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். இருக்கலாம், ஆனால் வசனம் அதைச் சொல்லவில்லை. நாடக வசனமாக எழுதாமல் விடுவது நல்லது.

பொன் பெட்டியில் நிஜப் பொன் வைக்கத் தேவையில்லை. கூட்டத்தில் அது வேண்டாத ஆபத்தும்கூட. பித்தளைக் கிண்ணம் ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, உடனே துணியால் ஈரம் போகத் துடைத்து வையுங்கள். ஈரத்தோடு விட்டால் மறுநாளே கறுத்துவிடும். ஆனால் கனம் நிஜமாக இருக்கட்டும். ஒரு கன சென்டிமீட்டர் பொன் 19.3 கிராம். தீப்பெட்டி அளவுப் பொன்கட்டி ஏறக்குறைய அரைக் கிலோ நிற்கும். பெட்டிக்குள் அரைக் கிலோ மணலைத் துணியில் முடிந்து வையுங்கள். பையன் ஒரு கையால் ஆட்டிக்கொண்டு வரமாட்டான், இரண்டு கையால் தாங்கி வருவான். நடை மாறும்.

தூபவர்க்கம்தான் நம் ஊரில் அதிகம் குழம்பிக் கிடக்கிறது. மத்தேயு சொல்வது பாஸ்வெல்லியா என்ற மரத்தின் பிசின். ஓமனின் தோஃபார் பகுதி, ஏமன், சோமாலியா ஆகியவை அதன் ஊர். எபிரேயத்தில் அதன் பெயர் வெண்மை என்ற சொல்லோடு சேர்ந்தது, அரபியில் லுபான். திருவிவிலியத்தில் சாம்பிராணி என்று இருப்பதால் கடைக்குப் போய் சாம்பிராணி என்று கேட்டால் பெரும்பாலும் வேறொன்று கிடைக்கும். அது சுமத்ரா பக்கம் விளையும் ஸ்டைராக்ஸ் மரத்தின் பிசின். அரபு வியாபாரிகளே இரண்டையும் பிரித்து, இதை லுபான் ஜாவி, அதாவது ஜாவா லுபான் என்றுதான் அழைத்தார்கள். குங்கிலியம் வேறு, அது குங்கிலிய மரத்துப் பிசின். கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று விற்கும் கப் வடிவத்தில் கரித்தூளும் மரத்தூளும் வாசனைப் பொருளும்தான் அதிகம். நாடகப் பெட்டிக்கு அது ஆகாது.

நாட்டு மருந்துக் கடையில் பறங்கிச் சாம்பிராணி என்று கேளுங்கள். கன்னியாகுமரிப் பக்கம் என்றால் குந்திரிக்கம். நம் நாட்டு மலைக்காடுகளில் வளரும் பாஸ்வெல்லியாவின் பிசின் இது. அரபு மரத்துக்கு நெருங்கிய உறவு. ஓமனில் வேலை பார்க்கும் உறவினர் இருந்தால் சலாலா கடைத்தெருவிலிருந்து 100 கிராம் கொண்டுவரச் சொல்லலாம். அங்கே உயர்ந்த ரகத்துக்கு ஹோஜாரி என்று பெயர். ஒரு வகுப்புக்கு 25 கிராம் தாராளம்.

பெயரைச் சொல்லிக் கேட்டாலும் மாறிவரும் என்பதால் வீட்டில் சோதித்துவிடுங்கள். பட்டாணி அளவுத் துண்டைப் பொடித்து அரை டம்ளர் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க விடுங்கள். உண்மையான தூபவர்க்கத்தில் தண்ணீரில் கரையும் கோந்தும் கரையாத பிசினும் சேர்ந்தே இருப்பதால் தண்ணீர் பால்போல் வெளுக்கும். ஸ்டைராக்ஸ் சாம்பிராணியோ குங்கிலியமோ என்றால் தூள் அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிவாகவே நிற்கும். கண்ணாலும் பார்க்கலாம். தூபவர்க்கம் தனித்தனித் துளிகளாக, வெளிர் மஞ்சளாக, மேலே மாவு பூசியதுபோல் இருக்கும். ஸ்டைராக்ஸ் சாம்பிராணி பழுப்புக் கட்டி, உடைத்தால் உள்ளே பாதாம் பருப்பு பதித்ததுபோல் வெள்ளைத் துண்டுகள் தெரியும், வெனிலா வாசம் அடிக்கும். அதைச் சுட்டால் பென்சாயிக் அமிலம் ஆவியாகித் தொண்டையைக் கமறவைக்கும். தூபம் போட்டாலே இருமல் வருகிறது என்று சொல்பவர்கள் பலர் இந்தப் பிசினைத்தான் சொல்கிறார்கள். கரும்புகையும் பைன் மர வாசமும் வந்தால் மலிவான பைன் பிசின் கலந்திருக்கிறது, தள்ளிவிடுங்கள்.

இந்தப் பிசின் எப்படி வருகிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் கண் விரியும். தோஃபாரில் மின்காஃப் என்ற சிறு கத்தியால் மரப்பட்டையில் ஒரு துண்டைச் சீவுவார்கள். வெட்டிய இடத்தில் பால் கசியும். அதை அப்படியே விட்டுவிட்டுப் போய், இரண்டு வாரம் கழித்து வந்து உறைந்ததைச் சுரண்டி எடுப்பார்கள். முதல் தடவை கிடைப்பது மட்டமானது. அதே இடத்தை மறுபடி சீவி, இரண்டாவது மூன்றாவது தடவையில்தான் நல்ல துளி கிடைக்கும். ஆசைப்பட்டு அதிகம் சீவினால் மரம் இளைக்கும், விதைகள் முளைப்பதும் குறையும். மரங்கள், பாலைநிலத் தங்குமிடங்கள், பழைய துறைமுகங்கள் என இந்தத் தூப நிலத்தை யுனெஸ்கோ 2000-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அன்றைய விலையையும் சொல்லுங்கள். முதல் நூற்றாண்டு ரோம எழுத்தாளர் பிளினி, உயர்ந்த தூபவர்க்கம் ஒரு ராத்தல் 6 தெனாரியம் (ரோம வெள்ளிக்காசு), அடுத்தது 5, அதற்கடுத்தது 3 என்று குறித்திருக்கிறார். ரோம ராத்தல் ஏறக்குறைய 327 கிராம். திராட்சைத் தோட்டக் கூலிக்கு ஒரு நாளைக்கு ஒரு தெனாரியம் என்று மத்தேயு 20-ல் இருக்கிறதே, அந்தக் கணக்கில் முந்நூறு கிராம் தூபத்துக்கு ஆறு நாள் கூலி. தென் அரேபியாவின் தோம்னாவிலிருந்து காசா வரை ஒட்டகத்துக்கு 65 கட்டப் பயணம், தீர்வையும் தீவனமும் தண்ணீரும் சேர்த்து ஒரு ஒட்டகத்துக்கு 688 தெனாரியம் செலவு என்பதும் அவர் கணக்குத்தான். பெத்லகேமுக்கு வந்த பொருள் எவ்வளவு கைமாறி வந்திருக்கும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

இனி அதன் கிறிஸ்தவப் பொருள். எருசலேம் ஆலயத்தில் மாவுக் காணிக்கையின்மேல் தூபவர்க்கம் வைப்பார்கள் (லேவியராகமம் 2). மாவில் ஒரு பிடிதான் பலிபீடத்துக்கு, மிச்சம் ஆசாரியர்களுக்கு. ஆனால் தூபவர்க்கம் முழுவதும் எரிக்கப்பட வேண்டும். அதில் மனிதனுக்குப் பங்கே கிடையாது. அதே புத்தகம் 5:11-ல், ஏழை கொண்டுவரும் பாவநிவாரண மாவின்மேல் தூபவர்க்கம் போடாதே என்கிறது. கடவுளுக்கு மட்டுமே உரிய ஒன்றை, பாவத்தோடு சேர்க்கக் கூடாத ஒன்றை, ஒரு தச்சன் வீட்டுப் பிள்ளையின் முன்னால் வைக்கிறார்கள். கிறிஸ்துமஸைப் பற்றி எழுதப்பட்ட எந்த நீண்ட விளக்கத்தைவிடவும் இந்த ஒரு செயல் என்னை அதிகம் அசைக்கிறது. வார்த்தை மாம்சமானார் என்று யோவான் எழுதியதை இவர்கள் ஒரு பிடிப் பிசினால் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளைப்போளமும் பிசின்தான். முள் நிறைந்த காமிஃபோரா மரத்திலிருந்து வருவது. எபிரேயப் பெயர் கசப்பு என்ற சொல்லின் வேரிலிருந்தே பிறந்தது. கடையில் வெறுமனே போளம் என்று கேட்காதீர்கள், கரியபோளம் தந்துவிடுவார்கள். அது மூசாம்பரம், கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கியது. கறுப்பாக, கண்ணாடிச் சில்லுபோல் பளபளப்பாக இருக்கும். வெள்ளைப்போளம் செம்பழுப்புக் கட்டி, மேலே தூசி படிந்ததுபோல் இருக்கும். உடைத்தால் உள்ளே வெண்ணிறக் கீற்றுகள் தெரியும். பெயரில் வெள்ளை இருக்கிறதே என்று வெள்ளைக் கட்டியைத் தேடி ஏமாறாதீர்கள்.

வேதத்தில் இது எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தால் பெத்லகேம் புதிதாகத் தெரியும். யாத்திராகமம் 30-ல் அபிஷேகத் தைலத்துக்கான அளவு இருக்கிறது. வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, ஒரு குடம் ஒலிவ எண்ணெய். முதலில் சொல்லப்படுவது போளம். சேக்கலுக்குப் பதினோரு கிராம் சொச்சம் என்று வைத்தால் ஐந்தரைக் கிலோவுக்கு மேல். கிறிஸ்து என்ற சொல்லுக்கே அபிஷேகம் பெற்றவர் என்றுதான் பொருள். ஆக, அடக்கத்துக்கான பொருள் என்று மட்டும் இதைக் குறுக்கக் கூடாது. ஆனாலும் அந்தக் கசப்பு திரும்பி வருகிறது. சிலுவையருகே வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுக்கிறார்கள், அவர் குடிக்கவில்லை (மாற்கு 15:23). அடக்கத்துக்கு நிக்கொதேமு வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டுவருகிறான் (யோவான் 19:39). ரோம ராத்தலில் அது முப்பத்துமூன்று கிலோ அளவு. ஒரு ஆள் தூக்கிவரத் திணறும் பாரம். அங்கே கரியபோளம் என்பது மூசாம்பரமாக இருக்க வாய்ப்புக் குறைவு. வாசனைக்கான அகில் கட்டை என்றே பலரும் கருதுகிறார்கள்.

ஏசாயா 60:6 பொன்னையும் தூபவர்க்கத்தையும் சொல்லி நிறுத்திவிடுகிறது. மத்தேயுவில்தான் மூன்றாவது பெட்டி கூடுகிறது. நாடகத்தில் மூன்று பையன்களும் ஒரே நேரத்தில் முழங்கால் போடாமல், போளம் கொண்டுவருகிறவன் கடைசியாக, கொஞ்சம் இடைவெளி விட்டு வரட்டும். வசனம் எதுவும் வேண்டாம்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருவிழாவன்று வீட்டிலோ ஆலயத்திலோ தூபம் போட நினைப்பவர்களுக்கு: 50 கிராம் தூபவர்க்கத்துக்கு 10 கிராம் வெள்ளைப்போளம் போதும். அதற்குமேல் போனால் கசந்த புகை மற்ற வாசத்தை அமுக்கிவிடும். போளம் ஒட்டும் என்பதால் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, கல் உரலில் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மிக்ஸியில் போட்டால் பிளேடில் பிசின் இறுகிவிடும், வெந்நீரில் போகாது, சமையல் எண்ணெய் தடவித் துடைத்தால்தான் வரும். யாத்திராகமத்தில் உள்ள தூபக் கலவையையே செய்து பார்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். அதை முகர்வதற்காகச் செய்யக் கூடாது என்று அதே அதிகாரம் சொல்கிறது. அதை மதித்து விட்டுவிடுவதே நல்லது.

தேங்காய்த்தொட்டிக் கரிதான் சிறந்தது. கரி முழுவதும் சிவந்து, மேலே சாம்பல் வெள்ளையாகப் படிந்த பிறகே தூபம் போட வேண்டும். தானாகப் பற்றும் கரி வில்லைகளில் வெடியுப்பு இருக்கும், பொறி அடங்கும் வரை பொறுக்காவிட்டால் பட்டாசு நாற்றம் தூபத்தில் கலக்கும். கனலின்மேல் நேராகப் போடாமல் கால் அங்குலச் சாம்பல் பரப்பி அதன்மேல் போடுங்கள். நேராகப் போட்டால் தூபவர்க்கத்தில் உள்ள கோந்து கருகித் தீய்ந்த வாசம் வரும். ஒரு தடவைக்கு மிளகு அளவில் மூன்று நான்கு துண்டு. கை நிறைய அள்ளிப் போட்டால் வாசம் கூடாது, கரும்புகைதான் கூடும். சன்னல் திறந்திருக்கட்டும், கரியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயு வரும். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் அறையில் போடாதீர்கள். குடிலின் வைக்கோல், காகித நட்சத்திரம், பஞ்சு ஆகியவற்றிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி, மணல் பரப்பிய தட்டில் தூபக்காலை வையுங்கள். மிஞ்சிய கனலை குப்பையில் கொட்டாமல் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள்.

தூபம் புழங்காத சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் எரிக்க வேண்டியதே இல்லை. சிறு கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு பிசினையும் தனித்தனியே போட்டு ஞாயிறு பள்ளியில் கைமாற்றி முகரச் சொன்னால் போதும். வாயில் போட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

குடிலில் சொரூபங்களை வைப்பதிலும் ஒரு சின்ன மாற்றம். டிசம்பர் 25 அன்றே ஒட்டகங்களைத் தொழுவத்தில் நிறுத்தாதீர்கள். அறையின் கிழக்கு ஓரத்தில் ஆறடி தள்ளி வைத்து, நாளுக்கு ஆறு அங்குலம் நகர்த்துங்கள். பன்னிரண்டு நாளில், சரியாக ஜனவரி 6 அன்று வந்து சேரும். நகர்த்தும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள்.

இந்தக் காணிக்கைகளின் மிச்சம் என்று கிரேக்க நாட்டு ஆதோஸ் மலையின் புனித பவுல் மடத்தில் 28 பொன் தகடுகளும், தூபவர்க்கமும் போளமும் சேர்த்து உருட்டிய மணிகளும் போற்றிக் காக்கப்படுகின்றன. 15-ஆம் நூற்றாண்டில் செர்பிய இளவரசி மாரா பிரான்கோவிச் அவற்றை மடத்துக்குக் கொடுத்ததாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அங்கேயும் பொன்னும் பிசினும் ஒன்றாகவே கோத்திருக்கின்றன.

விழா முடிந்ததும் பித்தளைக் கிண்ணம் அடுக்களைக்குப் போகட்டும். தூபவர்க்கத்தை மூடி இறுக்கமான பாட்டிலில் வெயில் படாமல் வைத்தால் அடுத்த வருடமும் வாசம் குறையாது. வெள்ளைப்போளத்தை மட்டும் உள்ளே தள்ளிவிடாமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பெரிய வெள்ளி அன்று யோவான் 19 வாசிக்கும்போது அதே பாட்டிலை மறுபடி திறக்க வேண்டும்.